கிம்ப் 3: தேய்ந்த மீன் செய்ய நல்லது, என் பொறுமைக்குக் கேடு

கல்முனையில் ரீசேர்ட் அச்சடிக்கும் தொழில் தொடங்கப்போகும் நண்பன் ஒருவன் கேட்டான்: "போட்டோஷொப்புக்கு மாதா மாதம் டொலரில கட்டுறதா மச்சான், இல்ல உன்ட கிம்ப் காணுமா?" 2022இல் ரூபாய் விழுந்த விதத்தைப் பார்த்த எவருக்கும் முதல் பாதிக்குப் பதில் தெரியும். இரண்டாம் பாதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கிம்ப் என்ற இலவசப் படம் திருத்தும் மென்பொருளை நான் பல வருடமாகப் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் பாவிக்கிறேன். கழகங்களுக்கும் பாடசாலைப் பழைய மாணவர்களுக்கும் சின்னம் போட்ட ரீசேர்ட். மட்டக்களப்பில் சின்னம் என்றால் பத்தில் எட்டுப் பேர் மீன்தான் கேட்பார்கள். பாடும் மீனை விட்டால் நமக்கு வேறென்ன இருக்கிறது. இப்போது அந்த மீன் புதிதாகப் பளபளவென்று இருக்கக்கூடாதாம். நாலு வருடம் தோய்த்துக் காயப்போட்ட உடுப்பில் இருப்பதுபோல் உரிந்து, வெடித்து, துரு ஏறித் தெரியவேண்டும்.

இதற்கென்று இணையத்தில் கிடைக்கும் ஆயத்தக் கறைப் படங்களை நான் தொடுவதில்லை. எல்லார் போஸ்டரிலும் அதே கீறல். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் இரும்பில் உப்புக்காற்று செய்துவைத்திருக்கும் வேலையை எந்தப் பிரஷ்ஷாலும் செய்ய முடியாது. ஒல்லாந்தர் கோட்டையின் வெளிச்சுவரும் நல்லது, பாசியும் உதிர்ந்த சாந்தும் கலந்து கிடக்கும். போன் கமராவே போதும். நெஞ்சில் 12 அங்குல அகலத்துக்கு 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில், 3600 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் படம் 4000 அகலம் தருகிறது. உச்சி வெயிலில் மட்டும் எடுக்காதீர்கள், மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். மாலைச் சரிவெயில்தான் சரி.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

தேய்ந்த தோற்றத்துக்கு எல்லாரும் சொல்லித்தரும் வழி லேயர் மாஸ்க், அதாவது படத்தின் ஓர் அடுக்கில் (லேயரில்) எது தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று சொல்லும் மறைப்பு. மீனுக்கு ஒரு மாஸ்க் போட்டு, துருப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அதற்குள் ஒட்டினால், கறுப்பு விழுந்த இடமெல்லாம் மறைந்துவிடும். கேட்க இலகு. ஆனால் கிம்ப்பில் முன்பெல்லாம் எதை ஒட்டினாலும் அது நேரே போய் உட்காராது. மிதக்கும் தெரிவு என்று ஒன்று லேயர் பட்டியலின் மேலே வந்து நிற்கும். அதை நங்கூரம் போட்டு இறக்காமல் வேறு லேயரில் கை வைக்க விடாது. இந்த எரிச்சல் தெரிந்துதான் 2025 மார்ச்சில் வந்த 3.0இல் அதைத் தூக்கினார்கள்: ஒட்டினால் இனிப் புது லேயராகவே வரும். வாசித்ததும் உண்மையாகவே சந்தோசப்பட்டேன். அப்புறம் பார்த்தால் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். மாஸ்க்குக்குள் ஒட்டினால் மட்டும் பழையபடி மிதக்கும்! நான் அப்போது தினமும் செய்தது அது ஒன்றுதான். ஊருக்கெல்லாம் தார் ரோட்டுப் போட்டுவிட்டு என் ஒழுங்கையை மட்டும் விட்டதுபோல. கண்ட்ரோல் எச் அடித்தால் இறங்கிவிடும், தெரியும். இவ்வளவு வருடமும் அதைத்தானே அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நியாயமாகவும் பேசவேண்டும். அதே 3.0 தந்த இன்னொன்று என் வேலையையே மாற்றிவிட்டது. இப்போது பில்டரைப் போட்டால் அது படத்தில் பதிந்துவிடாமல் லேயரோடு தனியாக நிற்கிறது. எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம், மேலே கீழே நகர்த்தலாம், நிறுத்திவைக்கலாம். இதனால் நான் இப்போது மாஸ்க்கையே பெரும்பாலும் விட்டுவிட்டேன். துருப் படத்தை மீனுக்கு மேல் தனி லேயராக வைத்து, முதலில் ஹை பாஸ் போடுகிறேன். ஒரு பக்கம் இருட்டாக இருந்த வெளிச்சம் சமனாகும். அதற்கு மேல் படத்தை மங்கலாக்கும் கோசியன் பிளர் கொஞ்சம், அதற்கு மேல் எல்லாவற்றையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று பிரிக்கும் த்ரெஷோல்ட். கடைசியில் கலர் டு அல்பா போட்டு வெள்ளையை நீக்கி, லேயரின் மோட்டை இரேஸ் என்று மாற்றுகிறேன். மிச்சமிருக்கும் கறுப்பெல்லாம் கீழே உள்ள மீனை அரித்து எடுக்கும். இரண்டையும் ஒரு குழுவுக்குள் போட மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் பின்னணியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நடுவில் எதற்கு பிளர் என்று கேட்பீர்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை ஒன்றில் விழும், அல்லது விழாது. அரைச் சாம்பல் நிறம் என்று ஒன்று இல்லை. மிகச் சிறிய ஓட்டைகளை மை பரவி மூடிவிடும், மிகச் சிறிய துணுக்குகள் ஸ்கிரீன் கழுவும்போதே போய்விடும். கணினியில் பார்க்கும் அழகான தூசியில் பாதி துணிக்கு வந்து சேராது. பிளரைக் கூட்டினால் த்ரெஷோல்ட் அந்தச் சின்னத் துணுக்குகளைக் கணக்கில் எடுக்காமல் பெரிய வெடிப்புகளை மட்டும் விடும். அச்சுக்கடைக்காரர் "இது பிடிக்காது தம்பி" என்றால், முன்பு முழுவதையும் திரும்பச் செய்யவேண்டும். இப்போது ஒரு எண்ணை மாற்றுகிறேன், முடிந்தது.

எழுத்து விசயத்திலும் கிம்ப்புக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். யுனிகோட் தமிழைக் கொம்பு இடம் மாறாமல் போடுகிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத்தான் ஆகவேண்டும் என்ற தலையெழுத்து இல்லை. தேய்மானத்தோடு வரும் தமிழ்ப் பிரச்சினை வேறு: புள்ளி. 'மட்டக்களப்பு' என்ற சொல்லில் மூன்று புள்ளி இருக்கிறது. துரு எங்கே விழும் என்று சொல்ல முடியாது, ஒரு புள்ளியைத் தின்றாலும் ஊர்ப் பெயரே பிழை. அதனால் துரு லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, புள்ளிகள் உள்ள இடத்தில் கறுப்புப் பிரஷ்ஷால் தடவி அவற்றைக் காப்பாற்றுகிறேன். இங்கே ஒட்டும் வேலை இல்லை, ஆகவே மிதப்பும் இல்லை.

குறை இன்னும் உண்டு. இத்தனை பில்டரை 3600 பிக்சலில் அடுக்கினால் என் பழைய லப்டொப் ஒவ்வொரு அசைவுக்கும் யோசிக்கிறது. அளவு சரிபார்க்கும்வரை மூன்றை நிறுத்திவைத்துத்தான் வேலை செய்கிறேன். சேவ் கொடுத்தால் கிம்ப்பின் சொந்தக் கோப்பான எக்ஸ்சிஎஃப், பிஎன்ஜி வேண்டுமானால் எக்ஸ்போர்ட் என்பது பழகிப்போய்விட்டது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நல்ல மார்க்ஸ்தான் வரும். ஆனாலும் இன்றைக்கு நண்பன் என்னிடம் கேட்டால் கிம்ப்பைப் போடாதே என்றுதான் சொல்லுவேன். நேற்று இரவு அவசரத்துக்கு ஒரு பழைய பைலைத் திறந்தேன். அது மாஸ்க் முறையில் செய்தது. திருத்திய துருவை உள்ளே ஒட்டினேன், மிதந்தது. அந்த மீனை இன்னும் மூடாமல் அப்படியே வைத்திருக்கிறேன், கண்ட்ரோல் எச் அடிக்க மனமில்லை.