9 வருட டபுள் கப்பும் அதன் எல்.எஸ்.டியும்

மல்லாவியில் இருக்கும் மச்சான் போன கிழமை கேட்டார்: "உன்ர கப் மாதிரியே ஒண்டு விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமோ?" கப் என்றது நான் 9 வருடமாக ஓட்டும் டபுள் கப், இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள பிக்கப். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். எஞ்சின், லோட், டீசல் கணக்கு எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். 9 வருடத்தில் அந்தப் பக்கம் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலபோக அறுவடைக்கு 15 மூட்டை நெல் ஏற்றினாலும் முனகாத வண்டி. என் கோபம் முழுக்கப் பின் டிபரன்சலில், அதாவது எஞ்சின் இழுவையை இரண்டு பின் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியில்.

மார்கழி மழைக்குள் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் ஓரத்தில் இடது பின் சில்லு சேற்றில் இறங்கியது. இப்படியான இடத்தில், டிபரன்சலுக்குள் இருக்கும் எல்.எஸ்.டி (ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் அமைப்பு), தரையைப் பிடித்து நிற்கும் மற்றச் சில்லுக்கும் இழுவையைக் கொடுக்க வேண்டும். முன்பு எத்தனையோ தடவை அப்படித்தான் வெளியே வந்திருக்கிறேன். அன்று இடது சில்லு மட்டும் சுற்றிச் சேற்றை வாரியடித்தது, வலது அசையவில்லை. நாலு சில்லுக்கும் இழுவை போட்டுப் பார்த்தேன். மூலைக்கு மூலை இரண்டு சுற்றின, அவ்வளவுதான். அயல் வயல்காரர் உழவு இயந்திரம் கொண்டுவந்து இழுத்துவிட்டார்.

எனக்கு இன்னும் ஆறாதது, தார் ரோட்டில் ஒரு அறிகுறிகூட இருக்கவில்லை என்பதுதான். இரண்டு வருடத்துக்கு முன் வந்த உதறல் வேறு கதை. அப்போது டிபரன்சல் ஒயில் மாற்றிய கையோடு, ஒழுங்கைக்குள் திரும்பும்போதெல்லாம் பின்பக்கம் கடகடவென்று உதறியது. "டிபரன்சல் முடிஞ்சுது, முழுசா மாத்துங்கோ" என்றது கராஜ். அவர்கள் ஊற்றியிருந்ததோ சாதாரண கியர் ஒயில். உராய்ந்து பிடிக்கும் பிளேட்டுகள் வைத்த எல்.எஸ்.டிக்கு உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்த ஒயில் வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டுகள் சீராக வழுக்காமல் பிடித்துப் பிடித்து விடும். சரியான ஒயில் ஊற்றியதும் உதறல் நின்றது. அன்றைக்குப் பிளேட்டில் பிடி இருந்தபடியால்தான் உதறியது. பிடி போகத் தேய்ந்த பிளேட் உதறுவதும் இல்லை, ஊளையிடுவதும் இல்லை. ஊளை வந்தால் டிபரன்சலின் மற்றப் பாகங்களான பினியன் பேரிங்கையும் கிரவுன் பல்லையும் பார்க்க வேண்டும்.

இந்தமுறை நானே பார்த்தேன். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, ஹான்ட் பிரேக்கை இறக்கி, இடது சில்லைக் கையால் சுற்றினேன். வலது எதிர்ப்பக்கம் சுற்றியது. எல்.எஸ்.டி இல்லாத வண்டி செய்யும் வேலை அது. பிறகு ஒரு சில்லை மட்டும் தூக்கி டொர்க் ரெஞ்ச் (திருகும் விசையை அளக்கும் சாவி) மாட்டினேன். வண்டியின் கைநூல் சொல்லும் அளவில் கால் பங்கு வருவதற்குள்ளேயே சில்லு உருண்டுவிட்டது. வடித்த ஒயில் கறுத்து, கருகிய மணத்தோடு வந்தது. ஒயில் வடிக்கும் காந்த நட்டில் மாவு போன்ற தூள் மட்டும். பல் உடைந்த துண்டு எதுவும் இல்லை.

ஏன் தேய்ந்தது? பக்கச் சுவர் கிழிந்த ரயருக்குப் பதிலாக வலது பின்பக்கம் மட்டும் புதிது போட்டு 14 மாதம் ஓடினேன். ரயர் பூவின் (தரையில் படும் வரிகளின்) உயரத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். கணக்குப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 சுற்று பழைய ரயர் கூடச் சுற்றும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு நேராகப் போனாலே 400 சுற்று வித்தியாசத்தைப் பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசித் தாங்க வேண்டும். ரயர் போட்ட இடத்தில் ஒருவர் "இரண்டையும் சேர்த்து மாத்துங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அல்லது கைநூலை நான் திறந்திருந்தால், அந்தப் பிளேட்டுகள் இன்றும் இருந்திருக்கும்.

புதுப் பிளேட்டுகளை ஒயிலில் ஊறவைத்துப் போட்டோம். வெட்டையில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டிப் பழக்கினேன். போன கிழமை அதே வாய்க்கால் ஓரத்தில் வேண்டுமென்றே இறக்கினேன். வலது சில்லு பிடித்தது, வண்டி ஏறி வந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மச்சான், பார்க்கப் போகும்போது ஜாக்கும் ஸ்டாண்டும் கொண்டு போங்கள். பின் ரயர் இரண்டும் ஒரே தேய்வா என்று முதலில் பாருங்கள். 2020இலிருந்து 2025 பெப்ரவரி வரை இலங்கையில் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய கப்புகள் எவ்வளவு அடிபட்டன என்பது உங்களுக்கும் தெரியும். பார்க்காமல் எடுக்கலாமோ என்று இன்றைக்குக் கேட்டால் என் பதில், வேண்டாம். உதறாமல், முனகாமல், சேற்றுக்குள் கைவிடும் வண்டியை நம்பி மாரிக்கு வயலுக்குப் போக முடியாது.

"அப்ப உன்ரய விக்கிறியோ?" என்றும் கேட்டிருந்தார். விற்கமாட்டேன்.