பெரம்பூர் பழைய புத்தகக் கடையில் கிடைத்த பச்சை விளக்கு

பெரம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன பழைய புத்தகக் கடை. வாசலை பிளஸ் டூ கைடும் நீட் புத்தகமும் அடைத்துக்கொண்டிருக்கும், உள்ளே காமிக்ஸ் இருப்பதே தெரியாது. "அண்ணே, பழைய காமிக்ஸ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால்தான் பரண் மேலிருந்து அட்டைப்பெட்டியை இறக்குவார். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அந்தப் பெட்டியோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன், நடுவில் டீயும் வந்தது.

அமெரிக்க காமிக்ஸ் சூப்பர் ஹீரோ கிரீன் லான்டர்னின் (பச்சை விளக்கு என்று அர்த்தம்) ஆரம்பகாலக் கதைகள், ஆங்கில மறுபதிப்பு, 250 ரூபாய்க்குக் கிடைத்தது. அவர் விண்வெளியைக் காவல் காக்கும் போலீஸ் என்றுதான் இன்றைக்குப் பலருக்கும் தெரியும். ஆனால் 1940ல் வந்த முதல் கிரீன் லான்டர்ன், ஆலன் ஸ்காட், ஒரு ரயில்வே இன்ஜினியர்! பாலத்தை வெடி வைத்துத் தகர்க்கிறார்கள், ரயில் கவிழ்ந்து மற்றவர்கள் எல்லாம் இறந்துபோக, கையில் பச்சை விளக்கைப் பிடித்திருந்த அவர் மட்டும் பிழைக்கிறார். அந்த விளக்கும் முதலில் ரயில் விளக்கு இல்லை, பழங்கால சீனாவில் விழுந்த விண்கல்லிலிருந்து ஒரு விளக்குக்காரர் செய்தது, கைமாறிக் கைமாறிக் கடைசியில் ரயில் விளக்காக உருமாறியது. அதிலிருந்து ஒரு மோதிரம் செய்துகொள்கிறார், 24 மணி நேரத்துக்கு ஒரு முறை அதை விளக்கில் தொட்டு சார்ஜ் ஏற்ற வேண்டும். உலோகம் எதுவும் அவரை ஒன்றும் செய்யாது, மரக்கட்டையால் அடித்தால் மட்டும் விழுந்துவிடுவார்.

இதை வரைந்த மார்ட்டின் நோடெல், நியூயார்க் சுரங்க ரயில் பாதையில் ஊழியர் ஒருவர் விளக்கை ஆட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனையைப் பிடித்தாராம். எங்க அப்பா ரயில்வேயில் கார்டு. கண்ணாடியைத் திருப்பினால் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மாறும் அவருடைய கைவிளக்கு இன்னும் வீட்டில் இருக்கிறது, பிடி மட்டும் துருப்பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே வளையம், நடுவே கண்ணாடி, அதே ஜாடை! 1959ல் ஹால் ஜோர்டான் என்ற விமானியை வைத்துக் கதையை முழுசாக விண்வெளிக்குக் கொண்டுபோனபோதும், வேற்றுக்கிரகத்துக்காரர் இறக்கும் நேரத்தில் கொடுக்கும் மோதிரத்துக்கு சார்ஜ் ஏற்ற அந்த விளக்கு கூடவே போயிருக்கிறது.

சினிமாவில் "ஐ ஆம் குரூட்" என்று மட்டுமே பேசும் மர மனிதர் குரூட்டின் முதல் கதையும், 1960ல் வந்தது, அதே பெட்டியில் இருந்தது, வேறொரு தொகுப்பில். அதில் அவர் நல்லவர் கிடையாது, ஒரு ஊரையே பெயர்த்துத் தன் கிரகத்துக்கு எடுத்துப்போக வந்த ராட்சச மரம், நீளமாக வசனமும் பேசுகிறார், கடைசியில் கரையானை விட்டுத்தான் வீழ்த்துகிறார்கள். கடைக்காரர் 400 சொன்னார், அன்றைக்குக் கையில் காசில்லை.

குறை என்றால், எதிலும் விலை எழுதியிருக்காது, புத்தகத்தின் தடிமனைப் பார்த்து வாயில் வந்ததைச் சொல்வார், கொஞ்சம் பேசினால் குறையும். பரணில் ஈரம் இறங்குகிறது. என் புத்தகத்திலேயே நாலு பக்கம் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது மை உரிந்து வந்துவிட்டது, மனசே ஆறவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் அந்தப் பெட்டிகளைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன், "சரி தம்பி" என்றார். அடுத்த வாரம் குரூட்டுக்காகப் போகிறேன், காமிக்ஸ் தேடுபவர்கள் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் உள்ளே வெளிச்சம் பத்தாது.