1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின்: ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு

மாருதி இதை டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது, ஃபியட் மட்டும் மல்டிஜெட் என்ற சொந்தப் பெயரிலேயே விற்றது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, இண்டிகா விஸ்டா, மான்சா, புன்டோ, லீனியா என்று அடுக்கிக்கொண்டே போகும் அளவுக்கு இந்தியாவில் இத்தனை கார்களுக்கு உயிர் கொடுத்தது 1,248 சிசி கொள்ளளவுள்ள ஒரே டீசல் இன்ஜின்தான். ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக இருந்த காலத்தில் உருவாகி, 2003இல் போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா ஆலையில் உற்பத்தி தொடங்கிய இந்த இன்ஜின், பிறகு மானேசரிலும் புனேவுக்கு அருகிலுள்ள ரஞ்சன்காவிலும் தயாரானது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டதால் புதிய கார்களில் இது மறைந்துவிட்டாலும், பழைய கார் சந்தையில் இன்றும் இதற்குத் தேடி வரும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது இந்த இன்ஜினின் 75 குதிரைத்திறன் வடிவம் பொருத்திய ஒரு செடான். 2012இல் புதிதாக வாங்கியது. இப்போது ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. வார நாட்களில் மதுரை நகரத்துக்குள் குறுகிய ஓட்டம், இடையிடையே சென்னைக்கும் கோவைக்கும் நெடுஞ்சாலைப் பயணம், கோடையில் மலைப்பாதை என்று எல்லா வகை உழைப்பும் இதற்கு உண்டு. இன்ஜினைப் பிரித்து, சிலிண்டர்களுக்கு மேலுள்ள ஹெட்டைக் கழற்றும் அளவுக்கு வேலை இதுவரை வரவில்லை.

முதலில் அடிப்படை விவரங்கள். நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, இரட்டைக் கேம்ஷாஃப்ட். சிலிண்டரின் விட்டம் 69.6 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 82 மி.மீ. விட்டத்தைவிட வீச்சு நீளமாக இருப்பதால், அதிவேகச் சுழற்சியில் சீறுவதைவிட நடுத்தரச் சுழற்சியில் இழுப்பதே இதன் இயல்பு. 75 குதிரைத்திறன் வடிவத்தில் முழுத் திறன் 4,000 ஆர்பிஎம்மிலும் (நிமிடத்துக்கு 4,000 சுழற்சி), டார்க் எனப்படும் இழுவிசையின் உச்சமான 190 நியூட்டன் மீட்டர் 2,000 ஆர்பிஎம்மிலும் கிடைக்கின்றன. எஸ்எக்ஸ்4, எர்டிகா போன்ற கார்களில் வந்த 90 குதிரைத்திறன் வடிவத்தில், சுழலியைச் சுற்றியுள்ள இதழ்கள் தாமாகக் கோணம் மாற்றிக்கொள்ளும் விஜிடி வகை டர்போவும் (புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி), அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உண்டு. அதில் 200 நியூட்டன் மீட்டர் டார்க் 1,750 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கான பொதுக் குழாயான காமன் ரெயிலில் டீசலின் அழுத்தம் தலைமுறையைப் பொறுத்து 1,400 முதல் 1,600 பார் வரை செல்லும். ஒரே எரிதலுக்கான டீசலை மொத்தமாகக் கொட்டாமல் பல சிறு தவணைகளாகப் பிரித்துத் தெளிப்பதுதான் மல்டிஜெட்டின் தனித்தன்மை. முதலில் போகும் சிறு துளி அறையைச் சூடாக்கி வைப்பதால், பழைய டீசல் இன்ஜின்களின் கடகட ஓசை இதில் பெருமளவு அடங்கியிருக்கிறது. 2005இல் சர்வதேச அளவில் சிறந்த இன்ஜினுக்கான விருதை, 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் இது பெற்றதற்கு இந்த நாகரிகமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஓட்டும்போது எல்லோரும் முதலில் குறை சொல்வது, டர்போ வேகம் பிடிக்கும்வரை இழுவை வராத டர்போ லேக் பற்றித்தான். 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே இந்த இன்ஜினில் உயிரே இல்லை என்று தோன்றும். அதைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் இழுக்கும். கொடைக்கானல் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில், குடும்பத்தோடு பெட்டி படுக்கைகளும் ஏறியிருக்கும் வேளையில், இரண்டாவது கியரிலேயே சமாளிக்கலாம் என்று நினைத்தால் கார் மூச்சுவாங்கி நின்றுவிடும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறங்குவதுதான் வழி. பழகியவருக்கு இது குறையாகவே தெரியாது. பெட்ரோல் காரிலிருந்து மாறி வருபவருக்கு முதல் சில மாதங்கள் எரிச்சலாக இருக்கும். இந்த எரிச்சலால் பலர் நகரத்துக்குள் கிளட்சை அரை மிதியில் வைத்தே ஓட்டுகிறார்கள். கிளட்ச் சீக்கிரம் தேய்வதாக இந்த இன்ஜின்மீது வரும் புகாரில் பாதி அந்தப் பழக்கத்தின் விளைவு என்பது என் கருத்து. மைலேஜைப் பொறுத்தவரை, நெடுஞ்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் சென்றால் லிட்டருக்கு இருபதைத் தாண்டுகிறது. நகரத்துக்குள் ஏசியோடு பதினைந்து, பதினாறு. இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இந்த இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பது ஆயில்தான் என்பதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும். இதன் வயிற்றில் நிற்பது ஏறத்தாழ மூன்று லிட்டர் ஆயில் மட்டுமே. அந்த மூன்று லிட்டர்தான் கிராங்கையும் பிஸ்டனையும் காக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுழற்சிகளையும் தாண்டிச் சுழலும் டர்போவின் தண்டுக்கு மெத்தையாக இருக்க வேண்டும். வால்வுகளின் இடைவெளியைத் தாமே சரிசெய்யும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர்களை நிரப்ப வேண்டும். கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயினைத் தளராமல் வைத்திருக்கும் டென்ஷனரையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆகவே ஆயில் அரை லிட்டர் குறைந்தாலோ, கரி சேர்ந்து கெட்டியானாலோ, பாதிப்பு ஒரே சமயத்தில் நான்கு இடங்களில் தொடங்கிவிடுகிறது. மாருதி கார்களுக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது வழக்கம். நகர ஓட்டம் அதிகமுள்ளவர்கள் அதை 7,500 ஆகக் குறைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன். மாற்றிய மறுநாளே ஆயிலின் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் மை போலக் கறுத்திருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவதுண்டு. டீசல் இன்ஜினில் அது இயல்புதான். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அளவைத்தான் பார்க்க வேண்டும்.

ஆயிலின் தரத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஊருக்கு வெளியே இருந்த ஒரு பட்டறையில், ‘எல்லாம் டீசல் வண்டிதானே சார்’ என்று சொல்லிக்கொண்டே, லாரிகளுக்கு ஊற்றும் கெட்டியான ஆயிலைப் பீப்பாயிலிருந்து பிடித்து எடுத்து வந்தார்கள். நான் தடுத்துவிட்டு, கையேட்டில் சொல்லப்பட்டிருக்கும் 5டபிள்யூ-30 என்ற இளக்கமான ஆயில் டப்பாவை வாங்கிக் கொடுத்தேன். காலையில் குளிர்ந்த நிலையில் இன்ஜினை உயிர்ப்பிக்கும்போது, கெட்டியான ஆயில் டென்ஷனரையும் டர்போவையும் சென்றடைய எடுத்துக்கொள்ளும் கூடுதல் விநாடிகளில்தான் தேய்மானம் நிகழ்கிறது. இன்னொன்று, இந்த இன்ஜினில் ஆயில் ஃபில்டர் என்பது ஒரு கூட்டுக்குள் செருகும் காகிதச் சுருள். அதை மாற்றும்போது மூடியின் ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய வளையத்தையே திரும்பப் போட்டால் சில வாரங்களில் இன்ஜினின் பின்பக்கம் ஆயில் கசிந்து வழியும்.

இனி டைமிங் செயின். பெல்ட் இல்லை, செயின்தான் என்பதால் இதற்கு மாற்றும் கெடு எதுவும் குறிக்கப்படவில்லை. அதையே ‘ஆயுளுக்கும் பிரச்சினை இல்லை’ என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. ஆயில் கெட்டால் டென்ஷனர் தளரும், செயின் நீளும், பல்சக்கரத்தில் பல் தாண்டும். பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடித்து, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் உடைகின்றன. அதன் பிறகு ஹெட்டைப் பிரிக்காமல் தப்ப முடியாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து ஒரு விநாடி மட்டும் சலசலப்புக் கேட்டு அடங்கினால் கவலையில்லை. அது மூன்று, நான்கு விநாடிகளுக்கு நீண்டாலோ, சூடான பிறகும் ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது) தொடர்ந்தாலோ, செயின், டென்ஷனர், கைடு எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுவதுதான் சிக்கனம். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: சரிவில் வண்டியைக் கியரில் மட்டும் விட்டு நிறுத்தக் கூடாது. இன்ஜின் அணைந்திருக்கும்போது டென்ஷனரில் ஆயில் அழுத்தம் இருக்காது. அந்நிலையில் வண்டி சற்றே உருண்டு கிராங்க் எதிர்த்திசையில் திரும்பினால் செயின் தளர்ந்து பல் நழுவ வாய்ப்புண்டு. கை பிரேக்கை முழுதாக இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை. இதே காரணத்துக்காக, பேட்டரி இறங்கிப்போனால் தள்ளி ஸ்டார்ட் செய்வதையும் தவிர்த்து, இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக்கொள்வதே நல்லது.

என் காரில் எனக்கு அதிகம் வேலை வைத்தது இஜிஆர் வால்வு. புகையில் ஒரு பகுதியைத் திரும்பவும் உள்ளிழுக்க வைத்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது அதன் பணி. இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் நகர வாழ்க்கையில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை; கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து வால்விலும் உள்ளிழுப்புக் குழாயிலும் பிசுபிசுப்பான கறுப்புக் களியாகப் படிகின்றன. ஐட்லிங்கில் நடுக்கம், பிக்கப்பில் தயக்கம், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கரும்புகை, பிறகு இன்ஜின் எச்சரிக்கை விளக்கு என்று ஒவ்வொன்றாக வரும். கழற்றிக் கரைப்பான் ஊற்றிச் சுத்தம் செய்தால் போதும், புதிது வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. அதைத் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்லும் யோசனையை நான் ஏற்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு அது புறம்பானது. வாரத்தில் ஒருநாள் நாற்பது நிமிடமாவது நெடுஞ்சாலையில் 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் ஓட்டுவது, கரி சேரும் வேகத்தைக் கண்கூடாகக் குறைத்திருக்கிறது.

இன்ஜெக்டர்களின் அடியில் இருக்கும் செப்பு வாஷர் இன்னொரு பலவீனம். அது தளர்ந்தால் எரிந்த வாயு மேலே கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போன்ற கறுப்புக் கட்டியாக இறுகிவிடும். பானட்டைத் திறந்து பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டுக் காதைக் கொடுத்தால் ‘சுஃப், சுஃப்’ என்று சீரான மூச்சொலி கேட்கும். ஏசியை வெளிக்காற்றில் வைத்தால் உள்ளே புகை நாற்றம் வரும். ஆரம்பத்திலேயே கவனித்தால் சில நூறு ரூபாய் வாஷரோடு முடிந்துவிடும். விட்டுவிட்டால் இன்ஜெக்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு, அதை வெளியே எடுப்பதே தனிப் போராட்டமாகிவிடும். என் காரில் ஒரு வாஷர் மாற்றியபோது, கழற்றிய இடத்தை வழித்தெடுக்கவே மெக்கானிக்குக்கு அரை நாள் பிடித்தது.

மற்றவை சில்லறை. டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் விரிசல் விழுந்தால் சீறல் ஒலியோடு இழுவை குறையும். கிளிப்பை இறுக்கியோ ஹோஸை மாற்றியோ சரிசெய்யலாம். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திருகைத் தளர்த்தி வடித்துவிட வேண்டும். இதே தண்ணீருக்கு அஞ்சி, கூட்டமில்லாத பங்க்குகளைத் தவிர்ப்பதும் நல்லது. நீண்ட தூரம் வேகமாக வந்து நிறுத்தும்போது, அரை நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைப்பது டர்போவுக்குச் செய்யும் உதவி.

பழைய காராக வாங்க வருபவர்கள், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் போய்ப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடலாம். செயின் ஒலியைக் கேட்டு, ஆயில் ஊற்றும் மூடியை ஐட்லிங்கில் திறந்து பார்த்தால், அங்கிருந்து புகை குபுகுபுவென்று வருகிறதா என்பதிலேயே பிஸ்டன் வளையங்களின் நிலை ஓரளவு தெரிந்துவிடும். ஓடிய கிலோமீட்டரைவிட ஆயில் மாற்றிய ரசீதுகளுக்கே நான் மதிப்புக் கொடுப்பேன்: இரண்டு லட்சம் ஓடி ரசீதுகள் ஒழுங்காக உள்ள கார், அறுபதாயிரம் மட்டுமே ஓடி ரசீதே இல்லாத நகரக் காரைவிட மேல். 75, 90 இரண்டுக்கும் இடையே தேர்வு என்றால், நெடுஞ்சாலையிலும் மலையிலும் அதிகம் ஓட்டுபவருக்கு 90 பொருந்தும். ஆனால் அதன் விஜிடி டர்போவில் கரி சேர்ந்து இதழ்கள் சிக்கினால் செலவு கூடும். உள்ளூர் ஓட்டத்துக்கு 75 போதும். இதன் உதிரி பாகங்கள் இன்னும் சிறு ஊர்களில்கூடத் தாராளமாகக் கிடைக்கின்றன. இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இல்லாத ஊரையும் நான் பார்த்ததில்லை.