சைலன்சர் போல்ட் முறுக்க எது சரி: ஏர் கன்னா, கை கணக்கா, டார்க் ரெஞ்சா?

புதுப்பேட்டைலயோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுலயோ ஹெட்டர், டவுன்பைப், மஃப்ளர்னு சைலன்சர் பாகங்களை வாங்குறவங்க பிராண்டு, பைப் சைஸ், சவுண்டு எல்லாத்தையும் பத்து கடை ஏறி விசாரிக்கிறாங்க, ஆனா அதை எதை வச்சு முறுக்கப் போறாங்கன்னு மட்டும் யாரும் கேக்குறதில்ல. கேஸ்கட் (இணைப்புல புகை கசியாம இருக்க நடுவுல வைக்கிற தகடு) ஊதுறதும் ஸ்டட் (நட்டு ஏறுற மரை கம்பி) உடையுறதும் பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல ஏர் கன், அதாவது காத்து அழுத்தத்துல நட்டைச் சுத்துற மெஷின். பேட்டரில ஓடுற இம்பாக்ட் கன்னும் இதே ஜாதிதான். கழட்டுறதுக்கு நல்ல சாமான், அதுவும் ஈசிஆர், திருவான்மியூர் பக்கம் கடல் காத்துல நிக்கிற வண்டின்னா நட்டு துரு ஏறி கிடக்கும், முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு ஊற விட்டுட்டு கன் போட்டா வந்துடும். ஆனா முறுக்குறதுக்கு வேணவே வேணாம். எஞ்சினோட பைப் சேர்ற மேனிஃபோல்டுல வர்ற எம்8 (8 மில்லிமீட்டர்) ஸ்டட்டுக்கு நிறைய வண்டில முறுக்கு பலம் 20 - 25 நியூட்டன் மீட்டர்தான் சொல்லிருப்பாங்க, கன் அதை கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள தாண்டிடும். ஸ்டட் உக்காந்திருக்கிறது அலுமினிய எஞ்சின் ஹெட்டுல, மரை போச்சுன்னா ட்ரில் போட்டு ஹெலிகாயில்னு புது மரைக்கான கம்பிச் சுருள் வைக்கணும், சில வண்டில ஹெட்டையே இறக்க வேண்டி வரும். ஸ்டெயின்லெஸ் நட்டுன்னா இன்னும் மோசம், வேகமா சுத்துற சூட்டுலயே மரையோட மரை ஒட்டிக்கிட்டு முன்னயும் போகாது பின்னயும் வராது.

கை கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். பழகின மெக்கானிக் அண்ணன் கைல ஒரு 12 ரிங் ஸ்பானர் இருந்தா அது குட்டையா இருக்கறதாலயே ஓவரா போகாது, பைப் மாட்டி நீட்டினாதான் ஆபத்து. சிக்கல் என்னன்னா நாம போடுற பலத்துல சுமார் 90 சதவீதம் உராய்வுலயே போயிடுது, மிச்சம் 10 சதவீதம்தான் கேஸ்கட்டை அமுக்குது. அதனால துரு புடிச்ச நட்டு கைக்கு டைட்டா தெரியும், உள்ள கேஸ்கட் லூஸாவே இருக்கும். பின்னாடி ஹேங்கர், மஃப்ளர் கிளாம்புக்கு கை கணக்கு தாராளமா போதும்.

எஞ்சின் பக்கம் வந்தா என் ஓட்டு, வச்ச அளவு பலம் வந்ததும் கிளிக்னு சொல்ற டார்க் ரெஞ்சுக்குத்தான். அதுலயும் வீல் நட்டுக்கு வச்சிருக்க பெரிய அரை இஞ்ச் ரெஞ்சை இதுக்கு எடுக்காதீங்க, அதோட ஆரம்பமே 40 நியூட்டன் மீட்டர் மாதிரி இருக்கும், 22 வைக்கவே முடியாது; 10-ல இருந்து 60 வரைக்கும் போற சின்னது வாங்குங்க. அடுத்தது யூனிட். வெளிநாட்டு ஹெட்டர் கிட்ல ஃபுட் பவுண்ட்ல போட்டிருப்பான், 18 ஃபுட் பவுண்ட்னா சுமார் 24 நியூட்டன் மீட்டர், நம்ம ஊர் மேனுவல் சிலதுல கிலோகிராம்-மீட்டர் (kgf·m) கணக்குல 2.3னு இருக்கும், அது 22 புள்ளி சொச்சம் நியூட்டன் மீட்டர். இதை மாத்திப் போட்டா ரெஞ்சு இருந்தும் பிரயோஜனம் இல்ல. மரையை வயர் பிரஷ்ல சுத்தம் பண்ணாம முறுக்குனா கைக்கு வர்ற அதே உராய்வு தப்பு ரெஞ்சுக்கும் வரும். மரை ஒட்டிக்காம இருக்கப் போடுற ஆன்ட்டி சீஸ் பேஸ்ட் தடவுனீங்கன்னா வழுக்கும், அதனால காய்ஞ்ச மரைக்கு குடுத்த அளவுல இருந்து 20 - 25 சதவீதம் கொறைச்சு வைக்கணும். ஒரு கிளிக் கேட்டா நிறுத்திடுங்க, உறுதிக்குன்னு இன்னொரு தடவை இழுக்குற பழக்கம் வேணாம்.

எந்த டூல் எடுத்தாலும் எல்லா நட்டையும் கை விரல்ல மாட்டி, பைப் முழுசும் தொங்க விட்டு நேரா உக்காருதான்னு பாத்துட்டு, எஞ்சின் பக்கம் இருந்து பின்னாடி நோக்கி முறுக்கிட்டு வாங்க. மேனிஃபோல்டுல நடுவுல ஆரம்பிச்சு வெளிய போகணும், ஒரே மூச்சுல இல்லாம ரெண்டு மூணு சுத்தா.

ஓட்டி சூடாகி நல்லா ஆறின அப்புறம் திரும்ப ஒரு தடவை செக் பண்ணுங்க. ஃபிளேஞ்ச் (பைப் சேர்ற இடத்துல வர்ற தட்டு) ஓரத்துல கரி கோடு தெரிஞ்சா அங்க லீக் இருக்கு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி லீக்னா வெளிக்காத்து உள்ள போய் சென்சார் தப்பா படிக்கும், மைலேஜ் அடி வாங்கும். கேபினுக்குள்ள புகை வாடை வந்தா மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க, அந்தப் புகையோட சேர்ந்து வர்ற விஷ வாயு கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, ஏசி போட்டு கண்ணாடி ஏத்திக்கிட்டு ஓஎம்ஆர் டிராஃபிக்ல நிக்கிற வண்டில குழந்தைங்களும் இருப்பாங்க.