கூல் ரூஃப் டைல்: வெயிலுக்கு வாங்கலாம், ஒழுகலுக்கு வாங்காதீர்கள்

திருச்சி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே படுத்து உறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மாடியில் வெள்ளை டைல் பதித்து அக்னி நட்சத்திரமும் பார்த்தாயிற்று, ஐப்பசி அடைமழையும் பார்த்தாயிற்று. டைல் சூட்டைக் குறைக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஒழுகலை நிறுத்துவது அதன் வேலையே இல்லை. ஆனால் கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் விற்கிறார்கள்.

வீடு அப்பா 1984-ல் கட்டியது. கான்கிரீட் தளம், அதன்மேல் ‘சுருக்கி’ என்கிற சுண்ணாம்புக் கலவை மூன்று அங்குலக் கனத்துக்கு, அதற்கும் மேல் தட்டோடு என்கிற தட்டையான சிவப்பு ஓடு. அந்தக் காலத்தில் பாதித் தமிழ்நாட்டுக்கு மொட்டை மாடி என்றால் இதுதான். இப்போது வீடு கட்டுகிற பலருக்குச் சுருக்கி என்றாலே தெரிவதில்லை. அதனால் கொஞ்சம் சொல்லிவிட்டு டைலுக்கு வருகிறேன், அது தெரியாமல் இந்த டைலை எடை போட முடியாது.

செங்கல்லை 20 மி.மீ. ஜல்லியாக உடைத்து, நீர்த்த சுண்ணாம்போடு கலப்பார்கள். பொதுப்பணித்துறைக் கணக்கு 32 பங்கு ஜல்லிக்கு 12.5 பங்கு சுண்ணாம்பு. சிமெண்ட் கிடையாது, மணலும் கிடையாது. பரப்பியதும் சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள், நாள் கணக்கில். நடுநடுவே கடுக்காய் ஊறிய நீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பார்கள். அடிக்கிற கட்டை பதியாமல் எகிற ஆரம்பித்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். பிறகு சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக் கல்லாக இறுகும். பகலில் தளம் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். சுண்ணாம்பு அதற்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இன்றைக்கு சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் போட்டு அதையும் சுருக்கி என்றே சொல்கிறார்கள். அது வளைந்து கொடுக்காது, விரிசல் விடும்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் எனக்கு எதற்கு டைல்? தட்டோட்டின் நிறம்தான் காரணம். மழைக்கு எங்கள் மாடி பெரிதாகத் தொந்தரவு கொடுத்ததில்லை. வெயிலை மட்டும் அந்தச் சிவப்பு நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். சுருக்கி அந்தச் சூடு இறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர, தடுத்துவிடாது. மதியம் மூன்று மணிக்கு அறை பரவாயில்லாமல் இருக்கும், இரவு பத்து மணிக்கு மின்விசிறி அனலை அள்ளிக் கொட்டும்.

கூல் ரூஃப் டைல் வேறு வழியில் வேலை செய்கிறது. சூடு உள்ளே போகுமுன்பே வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பெட்டியில் எஸ்ஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். கறுப்பு மாதிரிக்கு 0, வெள்ளை மாதிரிக்கு 100 என்று வைத்துக்கொண்டு, வெயிலில் ஒரு பரப்பு எவ்வளவு சூடேறாமல் இருக்கிறது என்று சொல்லும் அளவு அது. நல்ல வெள்ளை என்றால் நூறையும் தாண்டும். தெலங்கானா 2023-ல் கூரைகளைக் குளிர வைக்கவென்றே தனிக் கொள்கை கொண்டுவந்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எங்கள் வீட்டில் பலன் முதல் வாரமே தெரிந்தது. சித்திரை மதியத்தில் தட்டோட்டின் மேல் வெறுங்காலோடு நாலடி நடக்க முடியாது. இப்போது துணி காயப்போட என் மனைவி செருப்பில்லாமல் போய் வருகிறார். இரவு ஏசியை முன்னால் விடியும்வரை ஓட்டுவோம், இப்போது படுத்துக் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுகிறோம். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மட்டும் அதே கொதிதான், அதற்கு டைல் பொறுப்பில்லை.

அடுத்தது பதிப்பு. டைலை விட இதுதான் முக்கியம். கடைக்காரர் அனுப்பிய ஆள் தட்டோட்டின் மேலேயே கலவை போட்டு ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார். எங்கள் மேஸ்திரி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, முதலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தானாக மழைநீர்க் குழாய்க்கு ஓட வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் தேங்கி நின்றது. அடுத்து ஒவ்வொரு தட்டோட்டையும் கரண்டிக் காம்பால் தட்டிக் கேட்டார். டொக்கென்று சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம். அவற்றை மட்டும் பெயர்த்து, பள்ளத்தைச் சரி செய்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை உருட்டிப் பூசிய பிறகுதான் டைலைத் தொட்டார். கனமான கலவை வேண்டாம், பசையில் ஒட்டலாம் என்றார். சுருக்கியே சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மேலும் எதற்குச் சுமை ஏற்ற வேண்டும்?

தெருக்கோடியில் ஒரு வீட்டில் இதே டைலை ஒழுகலுக்காகப் போட்டார்கள். மேலே புதுசு போலப் பளபளக்கிறது, கீழே கூடத்தில் ஈரத் திட்டு போன வருஷத்தை விடப் பெரிது. டைல் நீரை உறிஞ்சாதுதான். ஆனால் ஒரு மாடியில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் இருக்கின்றன. வெயிலில் விரிந்து சுருங்கி அவற்றில் ஒன்று விட்டாலும் தண்ணீர் உள்ளே போய்விடும், வெளியே வர வழி இருக்காது. தட்டோடாக இருந்தால் இடம் கண்டுபிடிக்கலாம். டைலுக்கு அடியில் தண்ணீர் எங்கே இறங்கி எங்கே சொட்டுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

குறைகள் இன்னும் உண்டு. மதியம் மாடிக்குப் போனால் கண் கூசுகிறது, எதிர்வீட்டு மாடிக்காரரும் சாடையாகச் சொல்லிவிட்டார். தூசி படிந்தால் வெள்ளையின் வேலை குறையும், அடிக்கடி கழுவத்தான் வேண்டும். எங்கள் வேப்பமரம் ஆனி, ஆடியில் பழத்தைக் கொட்டிக் கறை போட்டுவிடுகிறது. மழைக்காலத்தில் பாசி பிடித்தால் வழுக்கும். அதனால் பளபளப்பான ரகத்தைத் தொடாதீர்கள், சொரசொரப்பானதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் வடாம் பிழிய இதைப் போல இடம் கிடையாது.

செலவு: டைல் சதுர அடிக்கு 48 ரூபாய், பசை, இணைப்புகளை அடைக்கிற எபாக்சி, கூலி எல்லாம் சேர்த்து நூறைத் தாண்டிவிட்டது. அவ்வளவு கையில் இல்லாதவர்கள் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம், அல்லது சுண்ணாம்பே அடிக்கலாம். சூட்டுக்கு அதுவும் பலன் தரும், அடிக்கடி மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். புதிதாக வீடு கட்டுகிறவர்கள், கட்டை அடிக்க ஆள் கிடைத்தால் சுண்ணாம்புச் சுருக்கி போட்டு அதன்மேல் இந்த டைலைப் பதியுங்கள். எங்கள் மேஸ்திரியைக் கேட்டால், ஆள் எங்கே சார் கிடைக்கிறது என்று சிரிக்கிறார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அதுவும் வெயிலுக்கு மட்டும். வாங்கும்போது பத்து டைல் கூடுதலாக எடுத்து வையுங்கள். அடுத்த தடவை வரும் சரக்கில் அதே வெள்ளை கிடைக்காது.