காலாப்பட்டு மாணவர் வேதபாடக் கூடுகை: நான்கு பருவங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விடுதியில் தங்கப்போகும் கிறிஸ்தவ மாணவர்கள், ஞாயிறு ஆராதனை தவிர வாரத்தில் வேறு எங்கே போகலாம் என்று சேர்க்கைக் காலம்தோறும் கேட்கிறார்கள். வளாகத்துக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒரு தெருவில், தம்பதியர் ஒருவரின் வீட்டு மாடியில் வெள்ளிதோறும் மாலை ஐந்தரைக்கு நடக்கும் கூடுகையைப் பற்றி, முதுகலை படித்த நான்கு பருவங்களும் அங்கே போய்வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் குழுவின் பெயரை எழுதவில்லை. விடுதியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

கட்டணம் எதுவும் இல்லை. மூலையில் ஒரு காணிக்கைப் பெட்டி உண்டு, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு யாரும் நம் முன்னால் வந்து நிற்பதில்லை. கோரைப்பாயில் இருபது பேர்வரை உட்காருவார்கள். மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் அவர்களில் பாதிப்பேர் கேரளம், ஒடிசா, மிசோரம், நாகாலாந்து மாணவர்கள். பிள்ளைச்சாவடித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்தும் நாலைந்து பேர் வருவதுண்டு. கால்மணி நேரம் பாட்டு, ஒரு மணி நேரம் வேதபாடம், பிறகு ஜெபம், கடைசியில் தேநீரும் சுண்டலும். சுண்டலைக் குறைசொல்ல வழியில்லை.

இங்கே போவதற்கு வேதபாடம் ஒன்றே போதுமான காரணம். ஆறேழு பேர் கொண்ட வட்டங்களாகப் பிரிந்து, ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்து, முதலில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பார்கள். எழுதியிருப்பதற்கு என்ன பொருள் என்பது அடுத்தபடி. அதை வைத்து நாம் என்ன செய்யப்போகிறோம் என்பது கடைசிப்படி. முதற்படியிலேயே யாராவது பிரசங்கத்துக்குத் தாவினால், வட்டத்தை நடத்தும் மாணவர் "அது எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று கேட்டுத் திருப்பிக்கொண்டு வருவார்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், நான்கு பேர் சுமந்துவந்த நோயாளியை வாசல்வழியே கொண்டுபோக முடியாமல் கூரையைப் பிரித்து இறக்கும் பகுதியைப் படித்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் கையிலிருந்த பழைய மொழிபெயர்ப்பில் அவன் திமிர்வாதக்காரன். பக்கத்தில் இருந்த கத்தோலிக்கத் தோழியின் திருவிவிலியத்தில் அவர் முடக்குவாதமுற்றவர். 'அவன்' 'அவர்' ஆகிவிட்டதைக் கவனித்தவர் அந்தத் தோழிதான். நடக்க முடியாத ஒருவரை எந்த விகுதியால் சொல்வது என்பதிலேயே பத்து நிமிடம் போனது, வீணாகப் போகவில்லை. பிறகு, கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவைத்தால் போயிற்று, இதில் என்ன பெரிய காரியம் என்று ஒருவர் கேட்க, கட்டடப் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் லூக்காவையும் மாற்குவையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஓடுகளைப் பற்றிச் சொல்வது லூக்கா. மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்குத் தோண்டியெடுத்தல் என்று பொருள். மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சிறு செங்கற்களை அடுக்கிச் சுண்ணாம்புக்காரை பூசும் புதுச்சேரிப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரையை அவர் தாளில் வரைந்தார். அந்தக் காலத்துப் பாலஸ்தீன வீடுகளிலும் கட்டைகள், கிளைகள், அவற்றின்மேல் கெட்டித்த மண் என்றுதான் கூரை இருந்தது; ஆகவே அந்த நால்வரும் வியர்க்க வியர்க்கத் தோண்டியிருப்பார்கள், கீழே இருந்தவர்களின் தலையெல்லாம் மண்ணாகியிருக்கும் என்றார். ஐந்தாம் வசனத்தில், நோயாளி ஒருவனுடைய விசுவாசத்தை என்று இல்லாமல் 'அவர்கள் விசுவாசத்தை' என்று பன்மையில் இருப்பதை, பலமுறை படித்திருந்தும், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். டேனிஷ் மிஷனரிகளின் பணியில் உருவாகி, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையில் வளர்ந்தவன். சபையில் முழு உறுப்பினராவதற்கு முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் லுத்தரின் சிறு ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்தோம். 1529இல் வெளிவந்த அந்தச் சிறிய நூலில் கேள்வியும் அச்சில் இருக்கும், பதிலும் அச்சில் இருக்கும். அந்த மனப்பாடத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கேள்வியை நாமே எழுப்பலாம் என்று கற்றுக்கொண்டது இந்த மாடியில்தான்.

இது இந்தக் குழு கண்டுபிடித்த முறை அன்று. இந்தியாவில் மாணவர் ஊழியத்துக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912இல் தொடங்கியது. ஐக்கஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு 1924இல். யூ.இ.எஸ்.ஐ. எனப்படும் இந்திய சுவிசேஷ மாணவர் ஒன்றியம் 1954இல். இவற்றில் கடைசியாகச் சொன்னதன் மரபில், வளாகத்தில் சாட்சியாக இருப்பதும் குழுவை நடத்துவதும் மாணவர்களின் பொறுப்பு. ஊழியர்களும் பட்டதாரிகளும் பின்னால் நின்று தோள்கொடுப்பவர்கள். நான் எழுதும் குழு எந்த அமைப்பிலும் சேராதது என்றாலும், மாணவரே முன்னின்று நடத்துவது என்பதைத்தான் தன் கொள்கையாகவும் சொல்லிக்கொள்கிறது. அதைக் கடைப்பிடிக்கும் வெள்ளிக்கிழமைகளில் இதற்கு இணையில்லை.

கைவிடும் வெள்ளிக்கிழமை மாதத்துக்கு ஒன்று வரும். வெளியூரிலிருந்து சிறப்புப் பிரசங்கியார் ஒருவர் அழைக்கப்படுவார். பாய்களைச் சுருட்டிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். இருபது பேருக்கு ஒரு மைக். என் கடைசிப் பருவத்தில் வந்த ஒருவர், கொடுத்த அரைமணி நேரத்தை ஒன்றேகால் மணி நேரமாக்கி, "வாலிபப் பிள்ளைகளே" என்று அழைத்தபடியே கைப்பேசியின் தீமைகளை விளக்கினார். பின்னர், ஆதியாகமத்தில் நான்காம் நாளில்தானே சூரியன் உண்டாகிறது, அதற்கு முந்தைய மூன்று நாட்களை எப்படிப் புரிந்துகொள்வது என்று இயற்பியல் ஆய்வு மாணவி ஒருவர் கேட்டதற்கு, விசுவாசம் இருந்தால் இப்படிக் கேள்வி வராது என்று பதில் கிடைத்தது. பழங்காலத் திருச்சபையின் பெரும் இறையியலாளர் அகுஸ்தீனாருக்கே அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்பது பெருங்குழப்பமாக இருந்தது. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொன்னதில்லை. குழுவை நடத்திய மாணவர்கள் அன்று வாய்திறக்கவில்லை, நான் உட்பட. அந்த மாணவி அதற்குப் பிறகு வரவில்லை. விடுதி மெஸ்ஸில் அன்றைய இரவுச் சாப்பாடு போனதைக்கூட மறந்துவிடலாம், இதை மறக்க முடியவில்லை.

மற்றவை சில்லறைக் குறைகள். கித்தாரும் ஆங்கிலப் பாட்டும் வாரந்தோறும் உண்டு, தமிழ்க் கீர்த்தனை அமாவாசைக்கு ஒருமுறை. எண்ணைக் கொடுத்துவிட்டால் வாட்ஸப்பில் அதிகாலை ஐந்து மணிக்கே வசனம் வந்துவிடும், தேர்வு நாளிலும். ஆனால் ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும்: கிறிஸ்தவரல்லாத என் அறைத்தோழர் வேடிக்கை பார்க்க இரண்டு முறை வந்தபோது, அவரை யாரும் சுற்றிவளைக்கவில்லை, ஜெபிக்கச் சொல்லவில்லை, வாசிக்க விருப்பமா என்று மட்டும் கேட்டு, விருப்பம் என்றதும் அவருக்கும் நாலு வசனம் கொடுத்தார்கள்.

நகரத்திலிருந்து வருகிறவர்கள் காலாப்பட்டுப் பேருந்தில் பல்கலைக்கழக வாசலில் இறங்கி நடந்துவிடலாம். வேதாகமம் இல்லாதவர்களுக்கு அலமாரியில் பல மொழிப் பிரதிகள் உண்டு. தமிழ்ப் பிரதி ஒன்றில் மாற்கு முழுவதும் பென்சில் கோடு இருந்தால் அது என் வேலை. ஏழரைக்கு முடியும் என்பார்கள், எட்டு என்று வைத்துக்கொள்ளவும். வியாழக்கிழமையே ஒருங்கிணைப்பாளரை அழைத்து, நாளைக்குப் பாயா நாற்காலியா என்று கேட்டுவிடுவது நல்லது. பாய் என்றால் தவறவிட வேண்டாம். நாற்காலி என்றால் பையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருக்கட்டும்.