உதவி நர்ஸ்களுக்கான கலைச்சொல் அட்டைகள்: வாங்குமுன் எந்த அட்டையைத் திருப்பிப் பார்ப்பது?

நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சியில் சேர்ந்ததும் பலர் வாங்குவது, வளையத்தில் கோத்த கலைச்சொல் அட்டைக் கட்டு. முன்புறம் சொல், பின்புறம் பொருள். இதையே சட்டைப்பைக் கையேடாகவும் செல்போன் ஆப்பாகவும் விற்கிறார்கள். எந்த வடிவத்தில் வந்தாலும் மேலட்டையில் ‘இத்தனை நூறு சொற்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். நோயாளியின் படுக்கையருகே நிற்பவருக்கு ஒரு சொல் காதில் விழுந்ததும் கை என்ன செய்ய வேண்டும், எதைக் கவனித்து நர்ஸிடம் சொல்ல வேண்டும் என்பது தெரிய வேண்டும். அதைச் சொல்லும் 150 அட்டைகள், வெறும் பொருள் மட்டும் தரும் 600 அட்டைகளைவிட மேல்.

சோதித்துப் பார்க்க முதலில் ‘டிஸ்ஃபேஜியா’ அட்டையை எடுங்கள். விழுங்குவதில் சிரமம் என்று பொருள். ஓரெழுத்து மாறினால் ‘டிஸ்ஃபேசியா’, அதாவது பேச்சில், மொழியில் சிக்கல். கிரந்த எழுத்தைத் தவிர்த்து அச்சடித்த கட்டுகளில் இரண்டும் ‘டிசுபேசியா’ ஆகிவிடும். தமிழ்ப்பற்றுக்கு இது இடமில்லை. பேச்சுதான் வரவில்லை போலும் என்று நினைத்து, விழுங்க முடியாதவரிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம் (ஆஸ்பிரேஷன்). அகரவரிசையில் அடுக்கிய கட்டுகளில் ‘ஆஸ்பிரேஷன்’ எங்கோ முன்னால் தனியாகக் கிடக்கிறது. நல்ல கட்டில் இந்த மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். பின்புறத்தில், நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுவது, சாப்பிட்டபின் குறைந்தது 30 நிமிடம் சாய்க்காமல் வைப்பது, கன்னத்தின் உட்புறம் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் இருக்கும். இருமல் வந்தாலோ குரல் தண்ணீர் கொப்பளிப்பது போல ஈரமாக மாறினாலோ ஊட்டுவதை நிறுத்தி நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்ற வரி இல்லாத அட்டை பாதி அட்டைதான்.

விழுங்கச் சிரமப்படுவோருக்குத் தரும் கெட்டிப்படுத்திய பானங்கள் பற்றிய அட்டையில் கட்டின் வயது தெரிந்துவிடும். பழையவற்றில் ‘நெக்டர் பதம்’ (கெட்டியான பழச்சாறு போல), ‘தேன் பதம்’ என்று இருக்கும். ஆளுக்கு ஆள் கைப்பக்குவம் மாறும் என்பதால் இப்போது பல நாடுகளில் ஐ.டி.டி.எஸ்.ஐ. (உணவு, பானங்களின் பதத்துக்கான சர்வதேச வரையறை) அளவுகோலின் 0 முதல் 7 வரையிலான நிலைகளே புழங்குகின்றன. பழைய நெக்டர் ஏறக்குறைய 2-ஆம் நிலை, தேன் பதம் 3-ஆம் நிலை. சோதனையும் எளிது. அளவுப் பகுதி 61.5 மி.மீ. நீளமுள்ள 10 மி.லி. சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துப் பானத்தை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஒழுகவிட வேண்டும். 4 முதல் 8 மி.லி. வரை மிஞ்சினால் 2-ஆம் நிலை. 8-க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் 3-ஆம் நிலை. நம்பர் இல்லாமல் பதம் மட்டும் பேசும் கட்டு பழைய சரக்கு.

தமிழ் விளக்கத்துடன் வரும் கட்டுகளில் பெரிய குறையே தமிழ் விளக்கத்தில்தான். ‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லைத் தலைச்சுற்றலுக்கும், சில நொடி நினைவு தப்பி விழுந்ததற்கும், எழுப்பினாலும் கண் செருகும் அரைத்தூக்க நிலைக்கும், முழுதும் நினைவிழந்து கிடப்பதற்கும் போட்டு நிரப்பியிருப்பார்கள். ‘மயக்கமா இருக்கு’ என்று முதியவர் சொன்னதை அப்படியே ‘மயங்கிட்டார்’ என்று ஹேண்டோவரில் (பணி மாறும்போது நிலவரம் ஒப்படைப்பதில்) சொன்னால் கேட்பவர் வேறொரு காட்சியை நினைத்துக்கொள்வார். ‘பக்கவாதம்’ கதையும் அதுதான். மூளையில் ரத்த ஓட்டம் தடைபடுவதையோ ரத்தக்கசிவையோ சொல்லும் ஸ்ட்ரோக்குக்கும், அதனால் ஒரு பக்கம் முழுதும் செயலிழப்பதைச் சொல்லும் ஹெமிப்ளீஜியாவுக்கும், ஒரு பக்கம் பலவீனமாவதைச் சொல்லும் ஹெமிபரேசிஸுக்கும் அதே சொல்தான். பிரித்துச் சொல்லும் கட்டு, சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைப்பது, கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுப்பது என்பதையும் அதே அட்டையில் சேர்த்திருக்கும்.

‘யூரின் வரலை’ அட்டையையும் பாருங்கள். சிறுநீர்ப்பை நிறைந்து அடிவயிறு கெட்டியாகி, வெளியே வராமல் இருப்பது ரிடென்ஷன். சிறுநீரகமே குறைவாகச் சுரப்பது ஆலிகூரியா. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 400 மி.லி.க்குக் கீழ். 100 மி.லி.யும் தேறாவிட்டால் அனூரியா. கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்) போட்டவருக்கு யூரின் பேக் காலியாக இருந்தால், குழாய் மடங்கியிருக்கிறதா, உடம்புக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, பேக் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்குகிறதா என்று பார்க்கச் சொல்லும் அட்டை அபூர்வம். சொன்னால் தயங்காமல் வாங்குங்கள்.

படுக்கைப் புண் அட்டைகளில் எழுத்தைவிடப் படம் முக்கியம். 2016-இல் அமெரிக்காவின் தேசிய அழுத்தப்புண் ஆலோசனைக் குழு ‘அல்சர்’ (புண்) என்பதை ‘இன்ஜுரி’ (காயம்) என்று மாற்றி, ரோமன் எண்களுக்குப் பதிலாக 1, 2, 3, 4 என்று எழுதச் சொன்னது. தோல் கிழியாத 1-ஆம் நிலையை ‘அல்சர்’ என்பது பொருந்தவில்லை என்பதும் ஒரு காரணம். 1-ஆம் நிலை என்றால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காத சிவப்பு. 2-இல் மேல்தோல் போய் உள்தோல் தெரியும், அல்லது நீர்க் கொப்புளம். 3-இல் கொழுப்பு வரை. 4-இல் தசை, தசைநாண், எலும்பு வரை. இதைப் பெரும்பாலான கட்டுகள் சரியாகவே தருகின்றன. வழுக்குவது படத்தில். வெளிர் தோலை மட்டும் காட்டுகிறார்கள். கருந்தோலில் அந்தச் சிவப்பு கண்ணில் படாமல் போகலாம். தொட்டால் சூடாகவோ, பக்கத்துத் தோலைவிடக் கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது என்பதும் இருக்க வேண்டும். எந்த நிலை என்று தீர்மானிப்பது நர்ஸின் வேலை. உதவியாளர் இடம், அளவு, நிறம் சொன்னால் போதும்.

படுக்க வைக்கும் நிலைகளில் டிகிரிக் கணக்கைப் பாருங்கள். பல பாடநூல்களில், தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கும் நிலைகளான செமி ஃபவுலர் 30–45, ஃபவுலர் 45–60, ஹை ஃபவுலர் 60–90 டிகிரி. நூலுக்கு நூல் சற்று மாறும் என்பதை அட்டை ஒப்புக்கொண்டால் நல்லது. ஊட்ட நிமிர்த்த வேண்டும். ஆனால் நெடுநேரம் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் தூக்கி வைத்தால் உடம்பு சறுக்கி, இடுப்புக்குக் கீழே தோல் இழுபடும். ‘ஷியர்’ என்பது இந்த இழுபடுவதைத்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் கட்டுகள் குறைவு. அப்டக்‌ஷன், அட்டக்‌ஷன் இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் நலம். முன்னது காலை உடலின் நடுக்கோட்டிலிருந்து விலக்குவது, பின்னது நடுக்கோட்டுக்குக் கொண்டுவருவது. பின்பக்கமாகத் திறந்து இடுப்பு மூட்டு மாற்றியவரின் காலை நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போட்டால் மூட்டு நழுவலாம். தொடைகளுக்கு நடுவில் தலையணை வைப்பது அதற்காகத்தான்.

சுருக்கெழுத்து அட்டைகளில் ‘என்.பி.ஓ.’ (வாய்வழி எதுவும் கூடாது), ‘பி.ஆர்.என்.’ (தேவைப்படும்போது) போன்றவை எல்லாவற்றிலும் உண்டு. ‘கியூ.டி.’ இருக்கிறதா, இருந்தால் எச்சரிக்கையோடு இருக்கிறதா என்று பாருங்கள். தினம் ஒருமுறை என்ற பொருள் கொண்ட அது, தினம் நான்கு முறை என்ற ‘கியூ.ஐ.டி.’யாகப் படிக்கப்படலாம் என்பதால் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட ‘பயன்படுத்தாதீர்’ பட்டியலில் இருக்கிறது. எச்சரிக்கை இல்லாமல் பாடமாகச் சொல்லித்தரும் கட்டை அங்கேயே வைத்துவிடலாம்.

பொருளின் தரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேமினேஷன் விளிம்புவரை ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆல்கஹால் துடைப்பான் பட்டதும் ஈரம் உள்ளே போய் மை பரவும். துடைக்க முடியாத வெறும் காகித அட்டை வார்டுக்குள் வரவே கூடாது. வளையம் திறந்து மூடும் வகையாக இருந்தால், அன்றைய வேலைக்குத் தேவையான பத்துப் பதினைந்தை மட்டும் கோத்துக்கொள்ளலாம். ஆப்பில் உச்சரிப்பு கேட்கலாம் என்பது பெரிய வசதி, ஆனால் கையுறை போட்ட கையால் போனைத் தொடுவது கிருமியை ஊருக்கெல்லாம் பங்கு வைப்பது போல. வீட்டில் படிக்க ஆப், பணியிடத்துக்கு அட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டின் கடைசியில் வெற்று அட்டைகள் பத்தாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பணிபுரியும் இடத்தில் அனுமதித்த சுருக்கெழுத்துகளை எழுதிக்கொள்ள அவை வேண்டும். அச்சிட்ட அட்டையும் அந்த இடத்துப் பட்டியலும் முரண்பட்டால், அச்சிட்டதை வளையத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.